புல்மோட்டைக் கறுப்பு மணலில ஒரு கையெழுத்து

நாலு வருசத்துக்கு முந்தி, கச்சான் எண்ட வெக்கைக் காத்து துவங்கிற நேரம் நடந்தது இது. எங்கட ஊர் திருகோணமலைக்குத் தெற்கால, வெருகலுக்குக் கிட்ட. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் உப்புத்தண்ணிக் களப்பு, நடுவில எங்கட பள்ளிக்கூடம். பதினோராம் ஆண்டு வரைக்கும்தான் இருக்கு. மத்தியானத்தில தூரத்தில நிண்டு பாத்தா வெக்கையில அந்தக் கட்டடம் மெல்ல ஆடும், தண்ணிக்கு மேல நிக்கிற மாதிரி. எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில பிடிச்சது அது ஒண்டுதான், அதுவும் வெளியில நிண்டு பாக்கேக்க.

நான் பத்தாம் ஆண்டோட நிப்பாட்டினனான். ஆரும் கேட்டா, பள்ளிக்கூடம் என்னை விடேல்ல, நான்தான் பள்ளிக்கூடத்த விட்டனான் எண்டு சொல்லுவன். அப்பவும் இப்பவும் மோட்டச்சைக்கிள்ள பெட்டி கட்டி மீன் விக்கிறதுதான் தொழில். வாய் இல்லாதவனுக்கு மீன் விக்க ஏலாது. எனக்கு வாய்க்குக் குறைவே இல்ல.

அந்த வருசம் அதிபர் மாறிப் போயிற்றார், புது ஆள் வரேல்ல. கணக்குப் படிப்பிக்கிற மிஸ்தான் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பு. திருகோணமலை ரவுணில இருந்து முதல் பஸ்ஸில வாறவ. வெயிலோ மழையோ ஒரு குடை, ஒரு பெரிய பை, கெதியான நடை. நான் பெட்டியோட நிண்டு, "மிஸ், நடந்து வந்தது எத்தனை அடி எண்டு எண்ணிப் பாத்தனீங்களோ?" எண்டு கேப்பன். அவ சிரிக்கவும் மாட்டா, ஏசவும் மாட்டா.

பதினோராம் ஆண்டுக்காரர் எழுதிற ஓ.எல். சோதினையில எங்கட பள்ளிக்கூட றிசல்ட் எப்பவும் அடியில கிடக்கும். கணக்குப் பாஸ் பண்ணின ஆக்கள ஒரு ஓட்டோவில ஏத்தலாம், அதிலயும் இடம் மிஞ்சும். எங்களுக்கு அது பழகிப்போச்சு, மிஸ்ஸுக்குப் பழகேல்ல. ஏன் இந்தப் பிள்ளையள் பெயிலாகுதுகள் எண்டு அறியோணும் எண்டு தானே ஒரு தாள் எழுதி அடிச்சா. தகப்பன் என்ன தொழில், தாய் எங்க, வீட்டில மேசை இருக்கோ, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எப்பிடி வாறது, எத்தனை நாள் வரேல்ல, ஏன் வரேல்ல. அதையும் சோதினைக்கான விண்ணப்பத்தையும் ஒண்டாக் குத்தி ஒரு கட்டு. பதினோராம் ஆண்டில பதினொரு பிள்ளையள், பதினொரு கட்டு.

ஒரு நாள் பஸ்ஸால இறங்கி நேர என்னட்ட வந்தா.

"தம்பி, உமக்கு எல்லாற்ற வீடும் தெரியும்தானே?"

"வீடு மட்டுமில்ல மிஸ், எந்த வீட்டில எண்டைக்கு என்ன மீன் எண்டும் தெரியும்."

"அப்ப இதக் கொண்டுபோய்க் கேட்டு எழுதி, தாய் தகப்பன்ர கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாரும். நான் போனா எல்லாரும் கதிரை துடைச்சுப் போட்டிட்டு எல்லாம் நல்லம் எண்டு சொல்லுறாங்க. உம்மட்ட உண்மை கதைப்பாங்க."

எனக்குப் புழுகம் தாங்கேல்ல. பள்ளிக்கூடத்தில ஒரு நாளும் என்னை நம்பி ஒரு சோக்குக்கட்டியும் தந்ததில்ல. கடையில போய் ஒரு பேனை வாங்கினன். ஊதாக் கலர்தான் இருந்தது. பெட்டியில மீன், மடியில தாள், காதில ஊதாப் பேனை. பெரிய உத்தியோகத்தன் மாதிரி வெளிக்கிட்டன்.

ஒரு வீட்டில தகப்பன் என்ன தொழில் எண்டு கேக்க, மனிசி குசினிக்குள்ள இருந்து, "கதிரைக்குக் காவல் எண்டு எழுது" எண்டா. எழுதினன். இன்னொரு வீட்டில மேசை இருக்கோ எண்டு கேட்டன். இருக்கு, அதுக்கு மேல ரீவி இருக்கு. எப்பிடிப் பள்ளிக்கூடம் வாறது எண்ட கேள்விக்கு ஒரு பொடியன், "மனமில்லாம" எண்டான். அவன்ர கையக் குலுக்கிப்போட்டு அதையும் எழுதினன்.

சிரிச்சுக்கொண்டுதான் போனனான். ஆனா தாய் எங்க எண்ட இடம் வரேக்க கொஞ்சம் சத்தம் குறைஞ்சுது. குவைத். சவூதி. கட்டார். திரும்பக் குவைத். சின்னன் சின்னனா இருக்கிற எங்கட ஓலை வேலியளுக்குள்ள நிண்டு நான் உலகப் படம் கீறிற மாதிரி இருந்தது. மத்தியான வெயிலில எல்லா வீடும் நித்திரையில கிடந்த மாதிரி ஒரு அமைதி. களப்புப் பக்கம் ஒரு கொக்கு நிண்ட இடத்திலயே நிண்டுது. நான் போறன், வாறன், அது அசையேல்ல.

பதினோராவது வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டு எண்டா பூட்டில்ல, கதவ நைலோன் கயிறால கட்டியிருந்தாங்க. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால எட்டிப் பாத்தா.

"அதுகள் வாடிக்குப் போயிற்றுகள். புல்மோட்டைப் பக்கம். தாய் வெளிநாட்டில, பெட்டைய ஆரோட விட்டிட்டுப் போறது? தேப்பன் கூட்டிக்கொண்டு போயிற்றான்."

வாடி எண்டா கடற்கரையில சீசனுக்குப் போடுற கொட்டில். சொந்தமாப் படகு இல்லாத ஆக்கள், கரைவலை இழுக்க ஆள் தேடுற இடத்துக்குக் குடும்பத்தோட போவாங்க. மாசக்கணக்கில அங்கதான் சமையல், அங்கதான் படுக்கை. அப்பிடி வாடிக்குப் போன பிள்ளை திரும்பிப் பள்ளிக்கூடம் வந்தத நான் காணேல்ல. நானே அப்பிடிப் போனவன்தானே. அதால எனக்கு ஒரு சந்தேகமும் வரேல்ல. வேப்ப மர நிழலில சைக்கிள நிப்பாட்டி, பெட்டிக்கு மேல தாள வச்சு, அந்தப் பிள்ளையின்ர விண்ணப்பத்துக்குக் குறுக்கால ரெண்டு கோடு அடிச்சன். நடுவில எழுதினன்: விலகியது. காரணம்: தொழில். எழுதிப்போட்டு ஒரு கொட்டாவி விட்டதும் ஞாபகம் இருக்கு.

அடுத்த நாள் கட்ட மிஸ்ஸிட்டக் குடுக்கேக்க எனக்கு வாய் சும்மா இருக்கேல்ல.

"மிஸ், உங்களுக்கு ஒரு சந்தோசமான செய்தி. ஒராளக் குறைச்சுத் தந்திருக்கிறன். பதினொரு பேருக்குப் பதிலாப் பத்துப் பேர் எழுதினா பாஸ் வீதம் ஏறும்தானே?"

மிஸ் அந்தத் தாள எடுத்துப் பாத்தா. கன நேரம் பாத்தா. ரெண்டு கோடும் மூண்டு சொல்லும், அதில வாசிக்க என்ன இருக்கு எண்டு நான் யோசிச்சன்.

"விலகிற்றா எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"வாடிக்குப் போயிற்றுகள் மிஸ்."

"போனது சரி. விலகினது எண்டு ஆர் சொன்னது?"

ஊரில என்ர வாய அடைச்ச ஆள் அதுக்கு முன்னம் ஒருத்தரும் இல்ல.

பிறகுதான் சொன்னா. அந்த வகுப்பில கணக்க ஆற்றயும் பாக்காம, தானாச் செய்யிறது அந்தப் பிள்ளை ஒண்டுதானாம். நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு ரவுணில கல்விக் கந்தோரில விண்ணப்பம் எடுக்கிறத நிப்பாட்டிப்போடுவாங்க. தகப்பன்ர போனுக்கு எடுத்தா ஓஃப். படம் எடுத்து அனுப்பினா செல்லாது, கையெழுத்து வச்ச தாள்தான் வேணும். வேற தாளும் இல்ல. நான் வெட்டின தாள்தான் இருக்கு.

அவ ஏசியிருந்தாப் பரவாயில்ல. ஏசேல்ல. என்ர ஊதாக் கோட்டுக்குப் பக்கத்தில, இது பிழை எண்டு காட்டத் தன்ர சின்னக் கையெழுத்த மட்டும் வச்சா. நான் நிலத்தப் பாத்துக்கொண்டு, "நான் போய் வாங்கிக்கொண்டு வாறன் மிஸ்" எண்டன். யோசிச்சுச் சொன்னதில்ல, வாய் தானாச் சொன்னது.

"புல்மோட்டைக்கோ?"

"ஓம்."

"நான் ரவுண் பஸ் ஸ்டாண்டில நிக்கிறன்" எண்டா.

அடுத்த நாள் விடிய முன்னம் வெளிக்கிட்டன். மாவட்டத்தின்ர இந்தத் தொங்கலில இருந்து அந்தத் தொங்கலுக்கு ஓடோணும். பெட்டிய வீட்டில கழட்டி வச்சிட்டுப் போவமெண்டு பாத்தா அது கறள் பிடிச்சுக் கழரேல்ல. வெறும் பெட்டியோடதான் போனனான். மூதூர்ப் பக்கம் வயலுக்கு மேல பால் ஊத்தின மாதிரிப் பனி. ரோட்டு எங்க, வயல் எங்க எண்டு தெரியேல்ல. ஒரு மாடு தலைய மட்டும் வெளியில காட்டிக்கொண்டு பனியில மிதந்துது. கிண்ணியாப் பாலத்தில ஏறேக்க வெளிச்சம் வந்தது. துறைமுகப் பக்கம் ஒரு பெரிய கப்பல் நிண்டுது, தண்ணியில நிக்குதோ ஆகாயத்தில நிக்குதோ எண்டு விளங்காம. ரவுணத் தாண்டி, நிலாவெளி தாண்டி, குச்சவெளி தாண்டி ஓட ஓட, நான் எங்கயும் போகேல்ல, ரோட்டுத்தான் எனக்குக் கீழால ஓடுது எண்ட மாதிரி ஒரு மயக்கம்.

புல்மோட்டையில கடற்கரை மண் கறுப்பு. ஈரம் பட்டா இன்னும் கறுக்கும். வாடியள் வரிசையாக் கிடந்துது, நான் சைக்கிள நிப்பாட்டிப்போட்டு இறங்கி நடந்தன். அலை வந்து போன இடத்துக்குக் கொஞ்சம் மேல, கறுப்பு மண்ணில கோடு கோடாக் கீறியிருந்தது. பெரிய முக்கோணம், வட்டம், அதுக்குள்ள இன்னும் கோடு. சின்னப் பிள்ளையள் விளையாடக் கீறினதாக்கும் எண்டு நினைச்சு, நானும் ஒற்றைக் காலில நொண்டி நொண்டிக் குதிச்சுக்கொண்டு போனன்.

"அண்ணா! அதில மிதியாதீங்க!"

ஒரு பெட்டை, கையில அகப்பையோட ஓடி வந்தா. பதினாறு வயசிருக்கும். முகத்தில அடுப்புப் புகை.

"விடியவே வந்து செய்த கணக்கு. கடைசி வரிய அழிச்சுப்போட்டீங்க."

"அப்ப விடை என்ர செருப்பில ஒட்டியிருக்கும், எடுத்துக்கொள்ளும்" எண்டன். சொல்லிப்போட்டுக் கீழ பாத்தன். எழுத்தும் இலக்கமுமா மணல் முழுக்க நிறைஞ்சு கிடந்தது. எனக்கு ஒரு வரியும் விளங்கேல்ல. நான் வந்த வழியில மட்டும் பெரிய பெரிய செருப்புத் தடம்.

"கொப்பி முடிஞ்சுபோச்சு" எண்டு அவவே சொன்னா. பிறகுதான் என்னை அடையாளம் கண்டா. "நீங்க எங்கட ஊர் மீன்கார அண்ணாவெல்லோ? இங்க என்னத்துக்கு?"

"உம்மட சோதினை விண்ணப்பம் கொண்டந்திருக்கிறன்."

அகப்பைய மண்ணில குத்திப்போட்டு, ரெண்டு கையையும் பாவாடையில துடைச்சா. துடைச்சுத் துடைச்சு நிண்டா.

"என்ர பேர் இருக்கா அதில?"

"இருக்கு."

"வெட்டியிருப்பாங்க எண்டு நினைச்சன்."

நான் தாள நீட்டினன். அவவின்ர கண் முதல் போனது அந்த ரெண்டு கோட்டுக்குத்தான்.

"இத ஆர் இப்பிடி எழுதினது?"

"ஆரோ ஒரு மடையன். மிஸ் சரிப்படுத்திற்றா, பயப்பிடாதீங்க. இதில கையெழுத்து வையுங்க."

என்ர காதில இருந்த பேனைய எடுத்துக் குடுத்தன். அவ குந்தி இருந்து, துடையில தாள வச்சு, வடிவாக் கையெழுத்து வச்சா. வச்சிட்டுத் தன்ர கையெழுத்தப் பாத்தா, மேல கோட்டப் பாத்தா, பேனையப் பாத்தா. கடைசியா என்னைப் பாத்தா.

"மடையன்ர பேனை நல்லா எழுதுது அண்ணா."

கறுப்பு மண்ணுக்குள்ள ஒரு பள்ளம் தோண்டி இறங்கினாக் காணும் எண்டிருந்தது.

அடுத்தது தகப்பன்ர கையெழுத்து. அவர் கரைவலைக் கயித்தில நிண்டார். விடியவே வலை போட்டாச்சு, ரெண்டு பக்கமும் ஆக்கள் இழுத்துக்கொண்டு நிக்கிறாங்க. கரைவலையில ஒரு கட்டுப்பாடு இருக்கு. கயித்தில கை வச்சவன், வலையின்ர மடி, மீன் சேருற அந்தப் பை, கரைக்கு வருமட்டும் கை எடுக்கப்படாது. எடுத்தா அண்டைக்கு அவனுக்குப் பங்கில்ல. அதோட ஒரு பக்கம் தளர்ந்தா மீனெல்லாம் அந்தப் பக்கத்தால போயிரும், எல்லாற்ற உழைப்பும் போச்சு.

நான் கிட்டப் போய்ச் சொன்னன். மனிசன் என்னைப் பாத்தார், மகளப் பாத்தார், கைய மட்டும் எடுக்கேல்ல.

"மடி வரட்டும் மகன்."

"எப்ப வரும்?"

"நீரோட்டம் இழுக்குது. மத்தியானம் ஆகும்."

மத்தியானத்துக்குப் பிறகு வெளிக்கிட்டு நாலு மணிக்கு முன்னம் ரவுண். அதுக்கு மேல பிந்தினா முடிஞ்சுது. சாரத்த மடிச்சுக் கட்டிப்போட்டு நானும் அவருக்குப் பின்னால கயித்தப் பிடிச்சன். வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி அங்கால நிண்டு, "மீன் விக்கிறவனுக்கு இழுக்கத் தெரியுமோடா?" எண்டு கத்தினார். "பழங்கடன் கேட்டு இழுத்துப் பழக்கம் அண்ணே" எண்டன். கயிறு முழுக்கச் சிரிச்சுது.

பிறகு ஒருத்தரும் சிரிக்கேல்ல. இழுவை எண்டா அப்பிடி. பின்னால ஒரு அடி, பின்னால ஒரு அடி. கடல் இங்கால வாற மாதிரி இருக்கும், வராது. வெயில் ஏற ஏறக் கண்ணுக்குள்ள எல்லாம் வெள்ளையாப் போச்சு. முன்னுக்கு நிக்கிறவன்ர முதுகும் மூச்சும்தான். கொஞ்ச நேரத்தில நான் இழுக்கிறனோ, என்னை ஆரும் இழுக்கிறாங்களோ எண்டு தெரியேல்ல. கண்ண மூடினா நான் பதினைஞ்சு வயசில நிக்கிறன். இதே மாதிரிக் கயிறு, வேற கடற்கரை, எனக்கு முன்னால என்ர அப்பா. அந்த முதல் மாசம் ரோட்டில மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்கிற ஒவ்வொரு முறையும் திரும்பிப் பாத்தனான். பள்ளிக்கூடத்தில இருந்து ஆரும் தேடி வாறாங்களாக்கும் எண்டு. பிறகு பாக்கிறத விட்டிட்டன். இத நான் ஒருத்தருக்கும் சொன்னதில்ல. எனக்கே மறந்துபோச்சு எண்டுதான் நினைச்சிருந்தன்.

கண்ணத் திறந்தன். அந்தப் பிள்ளை அங்கால நிண்டு, நான் மிதிச்சழிச்ச வரிய ஒரு தடியால திரும்ப எழுதிக்கொண்டிருந்தா.

மடி வந்து சேரேக்க வெயில் உச்சி தாண்டீற்று. ஆக்கள் மீனுக்கு ஓட, தகப்பன் மகளிட்ட ஓடி வந்தார். கையெல்லாம் ஈரம், தோல் உரிஞ்சு, செதிள் ஒட்டி. ஒவ்வொரு எழுத்தா, மூச்சப் பிடிச்சுக்கொண்டு வச்சார். பிறகு மேல விரலக் காட்டிக் கேட்டார்.

"இதென்ன பிள்ளை, குறுக்கால எழுதிக் கிடக்கு?"

நான் செத்தன் எண்டு நினைச்சன். மகள் விலகிற்றா எண்டு ஒரு கடதாசி சொல்லுது எண்டு தெரிஞ்சா அந்த மனிசன் என்ன நினைப்பார்? தன்னாலதான் எண்டுதானே நினைப்பார்.

பிள்ளை என்னைப் பாக்கவே இல்ல. "ஒண்டுமில்ல அப்பா. பேனை எழுதுதோ எண்டு மிஸ் கீறிப் பாத்தது" எண்டா.

மிஸ்ஸின்ர கேள்வித் தாளையும் கேட்டு எழுதினன். மேசை இருக்கோ எண்டு கேக்க, பிள்ளை கடற்கரையக் கண்ணால காட்டிச் சிரிச்சா. ஏன் வரேல்ல எண்டு கேட்டன். தகப்பன் சொன்னார், "தேப்பனால எண்டு எழுது மகன். சோதினைக்கு ரெண்டு மாசம் இருக்கேக்க எப்பிடியும் கொண்டந்து என்ர அக்கா வீட்டில விடுவன். அதையும் எழுது." ரெண்டாவத மட்டும் எழுதினன்.

ரவுணுக்கு வந்து சேரேக்க மூண்டே முக்கால். பஸ் ஸ்டாண்டில குடையோட மிஸ் நிண்டா. கந்தோர் இன்னும் கொஞ்சத் தூரம். ஓட்டோ பாக்க நேரமில்ல. "மிஸ், ஏறுங்க" எண்டு பெட்டியக் காட்டினன். ஒரு செக்கன் யோசிச்சா. பிறகு சீலையக் கூட்டிப் பிடிச்சுக்கொண்டு, மீன் பெட்டிக்கு மேல ஒருக்களிச்சு ஏறி இருந்தா, குடையக் கூட மடக்கேல்ல. ரவுண் முழுக்கப் பாத்துது. எனக்குப் பின்னால, "கெதியா, கெதியா" எண்டு ஒரு சத்தம்.

கந்தோரில இருந்தவர் தாளத் திருப்பித் திருப்பிப் பாத்தார். வெட்டினதக் காட்டிக் கேட்டார், மிஸ் தன்ர சின்னக் கையெழுத்தக் காட்டினா. தகப்பன்ர கையெழுத்துக்குப் பக்கத்தில ஒரு மீன் செதிள் ஒட்டியிருந்தது. நகத்தால சுரண்டிப் பாத்தார், வரேல்ல. விட்டிட்டு அதுக்கு மேலயே சீல் அடிச்சார். வெளியில வந்து படியில இருந்தனாங்கள். மிஸ் ஒரு சோடா வாங்கித் தந்தா. என்ர கை ரெண்டும் கொப்பளிச்சு, போத்தலப் பிடிக்க ஏலாமக் கிடந்தது. அவ அதப் பாத்திட்டு மூடியக் கழட்டித் தந்தா.

தகப்பன் சொன்ன மாதிரியே கொண்டந்து விட்டார். பிள்ளை சோதினை எழுதினா, கணக்கும் பாஸ். இப்ப ரவுணில தங்கி நிண்டு மேல படிக்கிறா. பள்ளிக்கூடத்தின்ர வீதம் கொஞ்சம் ஏறினதாம், மிஸ் ஒரு நாள் என்னை மறிச்சு விளங்கப்படுத்தினவ. எனக்கு விளங்கேல்ல, தலைய மட்டும் ஆட்டினன். ரோட்டில என்னைக் கண்டா அந்தப் பிள்ளை இன்னும், "மடையன்ர பேனை சுகமா அண்ணா?" எண்டு கேக்கும். பத்துப் பேருக்கு முன்னால கேட்டாலும் நான் தலையக் குனிஞ்சு, "சுகம்" எண்டுதான் சொல்லுவன்.

ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரேல்ல எண்டுறதுக்கும் அது இனி வராது எண்டுறதுக்கும் நடுவில எவ்வளவு தூரம் இருக்கு எண்டு என்னட்டக் கேட்டா, கணக்குத் தெரியாத நானும் சரியாச் சொல்லுவன், ஏனெண்டா அந்தத் தூரத்த ஒரு நாள் முழுக்க ஓடிப் பாத்தவன் நான்.